கையில் மை படப் புத்தக வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரித் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர்களுக்கும், விடுமுறையில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அச்சுக்கோத்து, மை தடவி, தாள் மடித்துத் தைத்துப் புத்தக வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறோம். அதே மேசையில் ஸ்கேனரும் மடிக்கணினியும் முப்பரிமாண அச்சுப்பொறியும் இருக்கும். இப்படி ஒரு வகுப்பைத் தங்கள் ஊரில் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், நூலகர்கள், பெற்றோர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

புத்தக வரலாறு என்றால் இலக்கிய வரலாறுதானே?

இல்லை. சீவக சிந்தாமணி என்றதும் இலக்கிய வரலாறு திருத்தக்கதேவரிடம் போகும். புத்தக வரலாறு 1887க்குப் போகும். அந்த ஆண்டு உ.வே.சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்தபோது எத்தனை ஊர் ஏடுகளை ஒப்பிட்டார், காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் எங்கிருந்து வந்தது, முன்கூட்டிக் கையொப்பமிட்டு உதவியவர்கள் யார், புரூஃப் (பிழை பார்க்க எடுக்கும் சோதனை அச்சு) பார்த்தது எப்படி, பிழைதிருத்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்கும். எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில் நின்ற ஆட்களும் பொருள்களும்தான் இந்தப் படிப்பு.

அதைப் பாடமாக நடத்தினால் போதாதா? அச்சடித்துப் பார்க்க வேண்டுமா?

தேதிகளையும் பெயர்களையும் பாடமாக நடத்தலாம். ஆனால் ஒரு பழைய பக்கத்தைப் பார்த்து, "இது எப்படி நடந்திருக்கும்?" என்று கேட்கும் பழக்கம் பாடத்தால் வருவதில்லை. அது பெரும்பாலும் பிழைகளிலிருந்து வருகிறது என்பது என் அனுபவம்.

ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கு நடுவே தாவிவிடுவார். ஒரு வரியே காணாமல் போகும். ஈய எழுத்தைக் கோப்பவர் கை எழுத்துப் பெட்டியின் பக்கத்துக் குழிக்குப் போகும். அல்லது போன முறை யாரோ தவறான குழியில் போட்ட எழுத்து வந்து உட்காரும். விசைப்பலகையில் தட்டுபவர் பக்கத்து விசையை அழுத்துவார். பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தாக்கும் ஓசிஆர் மென்பொருளோ வடிவத்தில் ஏமாறும். நான்கும் பிழைதான், நான்குக்கும் பிறந்த இடம் வேறு. மாணவர் ஒருமுறை தானே நாலு வரி கோத்து, தன் புரூஃபில் தன் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டால், அப்புறம் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பு ஒன்றின் பாடபேதத்தைப் பார்க்கும்போது "இது புலவர் கருத்தா, கம்பாசிட்டர் (எழுத்துக் கோப்பவர்) கையா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மையும் மண்ணெண்ணெயும்.

தமிழ் அச்சு வரலாற்றில் எதிலிருந்து தொடங்குவீர்கள்?

1554இல் லிஸ்பனில் வந்த சிறு மறைநூலில் தமிழ் இருக்கிறது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் தமிழாக்கியது. மொத்தம் 16 பக்கம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் அதன் படி இருக்கிறது.

நாங்கள் முதலில் காட்டுவது அதன் கடைசிப் பக்கத்தை. 1577இல் கோவாவில் வார்த்த எழுத்தும், 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் அங்கே மாதிரியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அச்சு வந்த வேகத்திலேயே எழுத்தை மாற்றி வார்த்திருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. இரண்டு மாதிரியையும் பெரிதாக்கிச் சுவரில் காட்டிவிட்டு, என்ன வேறுபாடு தெரிகிறது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். நல்ல விவாதம் நடக்கும்.

அடுத்து தரங்கம்பாடி. அங்கே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியவை, அப்படியே அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துத்தான் புதிய ஏற்பாட்டை 1715இல் முடித்தார்கள். பக்கத்தில் பொறையாறில் ஒரு காகித ஆலையும் தொடங்கிப் பார்த்தார்கள். எழுத்தின் அளவும் காகிதத்தின் விலையும் சேர்ந்து ஒரு நூலின் தோற்றத்தை முடிவு செய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன்பின் சென்னையின் வேப்பேரி. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறியையும் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்க வேலையையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் பப்ரீசியஸ் கைக்கு வந்தது. 1779இல் அவருடைய தமிழ் அகராதி வெளிவந்தது. போரில் பிடித்த பொருள் அகராதியான கதை என்பதால் பிள்ளைகள் இதை மறப்பதே இல்லை. 1835இல் அச்சகச் சட்டம் தளர்ந்த பிறகு நம்மவர்கள் சொந்தமாக அச்சகம் வைப்பது பரவியது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சுப்பொறி வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது அந்த அலையில்தான்.

கூட்டன்பர்க்கைச் சொல்லாமல் விடலாமா?

15ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அச்சிட்ட அவரைச் சொல்வோம், ஆனால் மேதை ஒருவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்த கதையாக இல்லை. 2001இல் பால் நீதம், பிளேஸ் அகுவேரா இ ஆர்காஸ் என்ற இருவர் கூட்டன்பர்க் அச்செழுத்தைப் படமெடுத்துக் கணினியில் ஒப்பிட்டார்கள். ஒரே உலோக அச்சுக்குழியில் வார்த்திருந்தால் ஒரே எழுத்தின் வடிவங்கள் ஒத்துப்போக வேண்டும். இவை அளவுக்கு மீறி வேறுபட்டன. எனவே பாடப்புத்தகங்களில் சொல்லும் வார்ப்பு முறை அவர் காலத்தில் இருந்திருக்காது, பின்னால் வந்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 500 ஆண்டுப் பழைய பக்கத்திடம் புதிய கருவியால் கேள்வி கேட்க முடியும் என்பதற்காகவே இதை வகுப்பில் சொல்கிறோம்.

தமிழுக்கு 247 எழுத்து. அத்தனையையும் பெட்டியில் வைத்துக் கோக்க முடியுமா?

வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் விடுகிறோம்.

முதலில் மாணவர்களையே எண்ணச் சொல்வோம். ஈய எழுத்தில் கா என்பது தனி எழுத்து அல்ல. க ஒன்று, கால் ஒன்று. கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றும் தனித்தனி உருப்படிகள்; எல்லா எழுத்துக்கும் பொது. ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகள் எழுத்துக்கு எழுத்து ஒட்டியே இருக்கும் என்பதால் அவற்றை முழு எழுத்தாக வார்ப்பது வழக்கம். ஔகாரத்துக்கு ளகரமே உதவும். இப்படிக் கூட்டினால் உயிர் 11, மெய் 18, அகர வரிசை 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72, குறிகள் 4, ஆய்தம் 1. ஆக 124. கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள், இடைவெளிக் கட்டைகள் எல்லாம் இதற்கு மேல். ஆங்கிலப் பெட்டியை ஒரு கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். தமிழ் கம்பாசிட்டர் அந்த வசதி இல்லாமல் பழகியவர்.

அடுத்த கேள்வி பழைய எழுத்துகளைப் பற்றியது. 1978 அரசாணைக்கு முன் ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவில், காலே இல்லாமல் இருந்தன. ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு. சீர்திருத்தத்தில் மாறியவை 13 எழுத்துகள் என்று எல்லோரும் படித்திருப்பார்கள். எழுத்துப் பெட்டியில் தேடினால் ஏழு குழிகள்தான் காலியாகின்றன. மீதி ஆறு எங்கே? ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறுக்கும் தனி வார்ப்பு கிடையாது; கொம்பை முன்னால் வைத்து அந்தச் சுழித்த ணா, றா, னாவைப் பின்னால் சேர்த்தார்கள். ஆகவே ஏழு வார்ப்புகள் போனால் 13 எழுத்துகள் தாமாக மாறிவிடும். 1935இல் பெரியார் குடி அரசில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததை மொழிக் கொள்கையாக மட்டும் படித்த மாணவர்கள், அதற்கு ஒரு பட்டறைப் பக்கமும் இருந்ததை இங்கே கையால் எண்ணித் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது கட்டத்தில் கணினி வரும். எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று மாணவர்கள் முதலில் ஊகிக்க வேண்டும். பிறகு தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலை இறக்கி, சின்ன பைத்தான் நிரல் எழுதி எண்ணுவோம். ங வரிசையில் ஙகரத்தையும் ங்-ஐயும் விட்டால் கிட்டத்தட்ட யாருமே வரமாட்டார்கள். பட்டியல் வந்ததும் பெட்டியின் பெரிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வோம். பெட்டியை அமைத்தவர் கணினி இல்லாமலேயே இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருப்பது தெரியும்.

கணினியில் தட்டுவதும் எழுத்துக் கோப்பதும் ஒன்றுதானே? இடம்தான் மாறியிருக்கிறது?

"கோ" என்பதை ஈயத்தில் கோப்பவர் இரட்டைக் கொம்பை எடுப்பார், பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோட் என்ற கணினிக் குறியேற்றம் அதை க, அதன்பின் ஓகாரம் என்று ஒலி வரிசையில் வைத்துக்கொள்கிறது. கொம்பை முன்னால் தள்ளுவது எழுத்துருவின் வேலை. ஒரே எழுத்தைக் கண்ணால் பார்ப்பதா, காதால் கேட்பதா என்ற இரண்டு தீர்மானங்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு, எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றதை இந்த இடத்தில் சொன்னால், அது ஏதோ கணினிக்காரர் சண்டை என்று தோன்றாது.

ஓலைச்சுவடியும் உண்டா?

உண்டு, அச்சுக்கு முந்தைய நாளே. பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். புள்ளி வைக்கச் சொன்னதும் சிலருடைய ஓலை பொத்துவிடும். ஏடுகளில் புள்ளியை ஏன் விட்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தம்பிரான் வணக்கத்திலும் மெய்க்குப் புள்ளி கிடையாது. உலோகத்துக்குப் பொத்தும் ஆபத்து இல்லாதபோதும், ஏட்டைப் பார்த்துப் பழகிய கண் அச்சிலும் அதையே செய்தது.

ஈயம் நஞ்சாயிற்றே. பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

அச்செழுத்து என்பது ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த உலோகம். தொட்டவுடன் ஏதும் ஆகிவிடாது. வாய்க்குள் போவதும் தூசியாக மூக்கில் ஏறுவதும்தான் ஆபத்து. அச்சறையில் தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. வெளியே போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பழைய எழுத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதை மாணவரிடம் தரவே தராதீர்கள், ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். உருக்கி வார்த்துக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்குக் காணொளி போதும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் ஈய அறைக்கு வர வேண்டாம். பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாங்கள் மர எழுத்தும் செதுக்கி அச்சிடும் லினோலியத் தகடும்தான் தருகிறோம்.

எழுத்தும் டிரெடில் என்னும் சிறு அச்சுப்பொறியும் இனி எங்கே கிடைக்கும்?

கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சுக்குப் போனபோது ஏராளமான ஈய எழுத்து எடைக்குப் போய்விட்டது. ஆனால் டிரெடில் இன்னும் முழுக்கச் சாகவில்லை. பில் புத்தகத்துக்கு எண் போட, கிழிக்கும் கோட்டுக்கு ஓட்டை போட, அட்டைப்பெட்டி வெட்ட என்று சிற்றூர் அச்சகங்களில் வைத்திருக்கிறார்கள். நேரில் போய்க் கேளுங்கள். மூலையில் சாக்கு மூடிய ஒரு கேஸ் (எழுத்துப் பெட்டி) இருக்கும் என்று நம்பலாம்.

பொருளைவிட ஆள் முக்கியம். ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவருக்குக் கௌரவமான சம்பளம் கொடுத்து அழைத்துவாருங்கள். அழைப்பிதழில் அவர் பெயரையும் போடுங்கள். பழைய நூல்களின் முகப்பில் ஆசிரியர் பெயர் இருக்கும், பொருளுதவி செய்தவர் பெயர் இருக்கும், இன்னாருடைய அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று இருக்கும். எழுத்துக் கோத்தவர் பெயர் மட்டும் இருக்காது.

முப்பரிமாண அச்சுப்பொறியில் தமிழ் எழுத்தைச் செய்துகொள்ள முடியாதா?

முடியும், சில எல்லைகளோடு. அச்செழுத்தின் அடியிலிருந்து முகம் வரை உயரம் 0.918 அங்குலம், அதாவது சுமார் 23.3 மில்லிமீட்டர். எந்த எழுத்தாக இருந்தாலும் இந்த உயரம் பிசகக் கூடாது. ஒரு தாளின் கனம் குறைந்தாலே அந்த எழுத்து மங்கலாக விழும். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ போன்ற எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்பி, உயரம் கொடுத்து அச்சுப்பொறிக்கு அனுப்ப வேண்டும். திருப்ப மறப்பவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். மறந்தால்தான் புத்தி வரும் என்று நாங்களும் எச்சரிப்பதில்லை.

பிளாஸ்டிக் இழையை உருக்கிப் போடும் மலிவான பொறியில் ஓர் அங்குல எழுத்து, அதாவது 72 புள்ளி அளவு, நன்றாக வரும். அதைவிடச் சின்னதாகப் போனால் ண, ணி, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். முகத்தை மேலே வைத்து அச்சிட்டால் இழை ஓடிய கோடுகள் மையில் தெரியும். நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகும். பிசினைக் கெட்டியாக்கும் பொறி இன்னும் நுணுக்கம். ஆனால் கெட்டியாகாத பிசின் தோலுக்கு ஆகாது, கையுறை வேண்டும்.

என்னைக் கேட்டால், காசு குறைவு என்றால் லேசர் வெட்டு. 3 மில்லிமீட்டர் பலகையில் எழுத்தை வெட்டி, 20 மில்லிமீட்டர் மரக்கட்டையில் ஒட்டி, அடியில் மெல்லிய அட்டை கொடுத்தால் உயரம் வந்துவிடும். நாடக நோட்டீஸ்களின் மர எழுத்து போலவே விழும். கொம்புகளையும் கால்களையும் நிறையச் செய்துகொள்ளுங்கள். எல்லோரும் அ, க, ம என்று அழகான எழுத்தைச் செய்துவிட்டு, ஒரு வாக்கியம் கோக்க உட்காரும்போது கால் போதாமல் தவிப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் எழுத்து 1715இன் தரங்கம்பாடி அச்சைப் பற்றி அதிகம் சொல்லாது. எடை இல்லை, வார்ப்புக் குறை இல்லை, தேய்மானம் இல்லை. நீங்கள் ஓர் எழுத்தை வடிவமைத்து உயிர்ப்பித்தீர்கள் என்ற அனுபவத்துக்கு அது நல்லது. வரலாற்றுக்கு ஈயம் ஒரு கைப்பிடியாவது மேசையில் இருக்க வேண்டும்.

எந்தப் பொறியும் இல்லை. தொடங்கலாமா?

லினோலியம் துண்டு, செதுக்கும் உளி, ஒரு ரோலர், ஒரு மரக்கரண்டி. மை தடவிய பலகையின் மேல் தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு விழும். தாளை லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் மை நன்றாகப் பிடிக்கும். கையால் செய்த காகிதம் புதுச்சேரியில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் ஓவியத்தாள் போதும்.

பழைய புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் ஸ்கேன் ஆகிவிட்டன. ஓசிஆர் இருக்கிறது. இனி என்ன வேலை?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்காக 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் எல்லாம் இல்லாமல் இந்த வகுப்பே நடக்காது. 1860களின் புத்தகம் ஒன்றை இருபது மாணவர்கள் ஒரே நேரத்தில் புரட்டுவது முன்பு நடக்கிற காரியமா?

ஆனால் ஸ்கேன் வேறு, எழுத்தாக்கிய உரை வேறு. 1950களின் புத்தகம் ஒன்றின் பக்கத்தை ஓசிஆரில் விட்டுப் பாருங்கள். தும்பிக்கை லை இருந்த இடத்தில் இன்றைய லை வந்து உட்கார்ந்திருக்கும். மென்பொருளின் தவறு இல்லை. யூனிகோடுக்கு இரண்டும் ஒன்றே, தோற்றம் எழுத்துருவைப் பொறுத்தது. உரையை மட்டும் படிக்கும் ஒருவருக்கு அந்தப் புத்தகம் எந்த எழுத்தில் அச்சானது என்றே தெரியாமல் போகும். வரி எங்கே முடிந்தது, எந்த எழுத்து தேய்ந்திருந்தது, எங்கே பெரிய எழுத்துக்கு மாறினார்கள் என்பதெல்லாம் அதோடு போச்சு.

ஆகவே பயிற்சி இப்படி. ஒரு பக்கத்தை டெசராக்ட் போன்ற கட்டற்ற ஓசிஆரிலும் கூகுளின் ஓசிஆரிலும் கொடுப்போம். அதே பக்கத்தின் நாலு வரியை மாணவர்கள் ஈயத்தில் கோப்பார்கள். பிறகு இயந்திரத்தின் பிழைகளையும் மாணவரின் பிழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். இயந்திரம் ரகரத்தையும் காலையும் குழப்பும், புள்ளியைத் தூசி என்று விடும், தூசியைப் புள்ளி என்று எடுக்கும், கொம்பின் சுழியைத் தவறவிடும். மாணவரோ பழைய நடையின் சந்தியைத் தம்மை அறியாமல் இன்றைய வழக்குக்கு மாற்றிவிடுவார். இயந்திரம் அந்தத் தவறைச் செய்வது அரிது. அதற்கு வடிவம்தான் கண்ணில் படும், அர்த்தம் அல்ல. சில புதிய மென்பொருள்கள் சொற்களை ஊகித்துத் திருத்தித் தருகின்றன. அவை மாணவரைப் போலப் பிழை செய்யத் தொடங்கியிருக்கின்றன, அதுவும் யாரும் சந்தேகப்படாத அளவுக்குச் சுத்தமாக. பழம்பதிப்புக்கு அவற்றைப் பயன்படுத்துபவர்கள் படத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசி போதுமா, விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

கைப்பேசியே போதும். அறை விளக்கை அணைத்து, கைப்பேசி டார்ச்சைப் பக்கத்தோடு பக்கமாகக் கிடைவாட்டில் பிடித்தால் ஈய எழுத்து தாளில் பதிந்த பள்ளம் நிழலாகத் தெரியும். ஆஃப்செட் பக்கத்தில் எதுவும் தெரியாது, அது தட்டை. பத்து ரூபாய்ப் பழைய புத்தகத்தையும் நேற்று வாங்கியதையும் பக்கத்தில் வைத்துச் செய்து பார்க்கலாம். கைப்பேசியில் மாட்டும் சிறிய உருப்பெருக்கி லென்ஸ் இருந்தால் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி வளையம் கட்டியிருப்பதும் தெரியும்.

ஒரே பதிப்பின் இரண்டு படிகள் வேறுபடுமா?

வேறுபடும். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் கண்டு பொறியை நிறுத்தித் திருத்துவார்கள். காகிதம் விலை பிடித்தது. அதற்குமுன் அடித்த தாள்களை எறிய மனம் வராது. இரண்டும் கலந்தே பைண்டிங்குக்குப் போகும். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில் சார்ல்டன் ஹின்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் தேடினார். இரண்டு படிகளின் ஒரே பக்கத்தைக் கண்ணாடிகள் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறிக் காட்டும் கருவி ஒன்றை அவரே செய்துகொண்டார்; வேறுபட்ட இடம் மட்டும் துடிக்கும். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் இருந்த படிகளைக் கொண்டு அவர் செய்த ஆய்வு 1963இல் வெளிவந்தது. இன்று இரண்டு ஸ்கேன்களை ஜிம்ப் மென்பொருளில் அடுக்கி, மேலடுக்கைப் பாதி ஒளிபுகவிட்டு நாமே செய்யலாம். ஒரு மாணவர் அச்சடிக்கும்போது நடுவில் நிறுத்தி ஓர் எழுத்தை மாற்றச் சொல்லி, தாள்களைக் கலைத்து அடுத்த அணிக்குக் கொடுங்கள். எது முன், எது பின் என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

மடித்துத் தைப்பதையும் சொல்லித்தருகிறீர்களா?

ஆமாம். ஒரு பெரிய தாளில் 16 பக்கம், அதுதான் ஒரு பாரம். எந்தப் பக்கம் தலைகீழாக நிற்க வேண்டும் என்று வெறும் தாளை மடித்து, எண் போட்டு, விரித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். நூலகக் குறிப்பில் வரும் டெம்மி, கிரௌன் என்ற தாள் அளவுகள் எல்லாம் அதோடு விளங்கிவிடும். பசைக்கு மைதா காய்ச்சுகிறோம். பழைய பைண்டர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம்.

எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். தஞ்சாவூரில் சரசுவதி மகால். தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கும்பலாகப் போய்ப் பழைய நூலைக் காட்டச் சொல்வது நியாயம் இல்லை. வெளிநாடு போகிறவர்கள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிளாந்தின்-மொரீட்டஸ் அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப்பொறிகள் அங்கேதான் இருக்கின்றன.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

அச்சு அழகாக இருப்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரு தாளும் அதன் எல்லாப் புரூஃப்களும், ஒவ்வொரு பிழைக்கும் அது எங்கே பிறந்தது என்ற ஒரு வரிக் குறிப்பும் கேளுங்கள். குறிப்புக்குத்தான் மதிப்பெண். பிழையே இல்லாத புரூஃபைக் கொண்டுவருபவரிடம் முதல் புரூஃபை எங்கே என்று கேளுங்கள், கிழித்துப் போட்டிருப்பார்.

வகுப்பு முடிந்த பிறகு எழுத்தையெல்லாம் யார் பெட்டியில் போடுவது?

கோத்தவரேதான். அச்சான பக்கத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, வரி வரியாகக் கையில் எடுத்து, சொல்லைப் படித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தையும் அதன் குழியில் விட வேண்டும். கோக்க ஆகிற நேரத்தில் பாதி இதற்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குப் பிடிக்காத வேலை. அதனால் அட்டவணையில் இதைக் கடைசி மணிநேரத்துக்கு ஒதுக்காதீர்கள், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் னகரக் குழியில் ணகரம் விழும். மறுநாள் காலை முதல் வேலையாக வையுங்கள். விழுவது அப்போதும் கொஞ்சம் விழும். அடுத்த அணியின் புரூஃபில் அது வந்து நிற்கும்போது, யார் போட்டது என்று தேட அவர்களுக்கும் ஒரு வேலை.